பனிக்களத்தின் நாட்கூலிக்காரர்கள்

1989ஆம் ஆண்டு ஜூன் மாதம், வட அமெரிக்காவில் பனிக்களத்தில் ஆடப்படும் ஹாக்கியின் உச்சப் போட்டித்தொடரான தேசிய ஹாக்கி லீக் (சுருக்கமாக என்.ஹெச்.எல்.) அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி தன் முதல் வாய்ப்பில், மொத்த வரிசையில் 11ஆவது ஆளாக, கனடாவின் ரெஜைனா நகரத்து இளைஞர் மைக் சிலிங்கரை எடுத்துக்கொண்டது. அதே அணி மூன்றாம் சுற்றில், 53ஆவது ஆளாக, சுவீடனைச் சேர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை எடுத்தது. லிட்ஸ்ட்ரோம் டெட்ராய்ட்டை விட்டு வேறெங்கும் போகாமல் 20 பருவங்களில் 1,564 ஆட்டங்கள் ஆடி, நான்கு முறை லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்று ஓய்வு பெற்றார். சிலிங்கரும் சாதாரணமாக ஆடிவிடவில்லை. 17 பருவங்கள், 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள் என்பது எந்த வீரரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய கணக்குதான். ஆனால் அவற்றை அவர் 12 அணிகளுக்காக ஆடினார். லீக்கின் வரலாற்றில் அதுவே சாதனை. கோப்பை எதுவும் அவர் கைக்கு வரவில்லை.

இந்த வேறுபாட்டைத் திறமையின் ஏற்றத்தாழ்வாக மட்டும் பார்ப்பது எளிது. அது பாதி உண்மைதான். சிலிங்கர் டெட்ராய்ட்டில் நிலைக்காமல் போனதற்கு, அதே 1989 டிராஃப்டில் 74ஆவது ஆளாக அந்த அணி எடுத்த சோவியத் வீரர் செர்கெய் ஃபெடரோவ் ஒரு முக்கியக் காரணம். நடுக்கள வீரர்களின் வரிசையில் முதலிடத்தில் அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன், அடுத்த இடத்தில் ஃபெடரோவ் என்று இருந்த அணியில், அதே இடத்தில் ஆடக்கூடிய மூன்றாமவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மூன்றாமவராகவே இருக்க முடியும். 1995 ஏப்ரலில் அவரை அனஹைம் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1997இல், டெட்ராய்ட் கோப்பையை வென்றது.

இப்படி அணிவிட்டு அணி மாறிக்கொண்டேயிருக்கும் வீரரை ஆங்கிலம் பேசும் ஹாக்கி உலகம் 'ஜர்னிமேன்' என்று அழைக்கிறது. பெயரைக் கேட்டவுடன் பயணத்தோடு தொடர்புள்ள சொல் என்றே தோன்றும். உண்மையில் அதன் வேர், 'ஒரு நாள்' அல்லது 'ஒரு நாள் வேலை' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் இருக்கிறது. தொழில் பழகி முடித்தும் சொந்தப் பட்டறை வைக்காமல், அன்றன்றைய வேலைக்கு அன்றன்று கூலி வாங்கும் கைவினைஞரையே அது முதலில் குறித்தது. ஆகவே 'நாடோடி ஆட்டக்காரர்' என்பதைவிட 'நாட்கூலி ஆட்டக்காரர்' என்பதே மூலப்பொருளுக்கு நெருக்கம். அது வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடவும் இல்லை, ஏனென்றால் என்.ஹெச்.எல்.லில் ஊதியம் உண்மையிலேயே நாட்கணக்கில்தான் ஓடுகிறது.

ஆண்டு ஊதியத்தைப் பருவத்தின் நாட்களால் வகுத்து, முதன்மை அணியின் பட்டியலில் வீரர் எத்தனை நாள் இருந்தாரோ அத்தனை நாளுக்குக் கொடுப்பது அங்குள்ள முறை. 2025-26 பருவத்தில் குறைந்தபட்ச ஊதியம் 775,000 டாலர். பருவம் ஏறத்தாழ 190 நாட்கள் நீடிக்கிறது என்று கொண்டால், நாளொன்றுக்கு நான்காயிரம் டாலர் அளவில் வருகிறது. 'இருவழி' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு இந்தக் கணக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அவர் என்.ஹெச்.எல்.லில் இருக்கும் நாளுக்கு ஒரு தொகையும், அதற்கு அடுத்த நிலையிலுள்ள அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் (ஏ.ஹெச்.எல்.) இருக்கும் நாளுக்கு அதைவிடப் பல மடங்கு குறைந்த தொகையும் அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். காலையில் தொலைபேசி ஒலித்தால் ஒரு கூலி, ஒலிக்காவிட்டால் இன்னொரு கூலி. 'ஒருவழி' ஒப்பந்தம் பெற்றவருக்கு எங்கே ஆடினாலும் ஒரே ஊதியம். அனுபவமுள்ள வீரர்கள் பேரம் பேசும்போது மொத்தத் தொகையைக் காட்டிலும் இந்த ஒரு சொல்லுக்காக அதிகம் மல்லுக்கட்டுவதில் வியப்பில்லை.

நிலைகளின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உச்சியில் என்.ஹெச்.எல்.லின் 32 அணிகள். அவற்றில் 25 அமெரிக்காவிலும் 7 கனடாவிலும் உள்ளன. அடுத்த படியில், அவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என இணைந்த 32 ஏ.ஹெச்.எல். அணிகள். அதற்கும் கீழே 1988இல் தொடங்கிய ஈ.சி.ஹெச்.எல். ஒரு கழகம் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 50 வீரர்களோடு என்.ஹெச்.எல். ஒப்பந்தம் வைத்திருக்கலாம்; முதன்மைப் பட்டியலில் 23 பேர்தான் இருக்கலாம்; ஓர் ஆட்டத்தில் உடை அணிந்து இறங்குபவர்களோ இரண்டு கோல்கீப்பர்களைச் சேர்த்து 20 பேர். ஐம்பதுக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையில், இருபத்துமூன்றுக்கும் இருபதுக்கும் இடையில் இருக்கிற சந்துகளில்தான் நாம் பேசும் வீரரின் குடியிருப்பு. உடல்நலத்தோடு இருந்தும் அன்றைய இருபதில் பெயர் இல்லாததால் கோட்டும் டையும் அணிந்து மேல்மாடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி.

இறங்கும் நாட்களில் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது கோல் மழை அல்ல. முன்கள வீரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். அவர் பெரும்பாலும் நான்காம் வரிசையில், அறுபது நிமிட ஆட்டத்தில் பத்து நிமிடம் ஆடுவார். நடுவர் பக் எனப்படும் ரப்பர் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்-ஆஃபில் அதைத் தன் பக்கம் இழுப்பது, சக வீரர் தண்டனைப் பெட்டியில் இருக்கும் இரண்டு நிமிடங்கள் நால்வராக நின்று ஐவரைத் தடுப்பது, எதிராளி அடிக்கும் வட்டின் முன்னால் உடலைக் கொண்டுபோய் வைப்பது ஆகியவையே அவருடைய தொழில். ஹார்வர்டில் படித்து வந்த டாமினிக் மூர் இந்தத் தொழிலைப் பத்து அணிகளுக்குச் செய்தவர். 2014ஆம் ஆண்டு மே 29 அன்று மான்ட்ரியாலுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 1-0 என்று வென்று இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தபோது, அந்த ஒரே கோலை அடித்தவர் நட்சத்திரங்களில் ஒருவர் அல்லர், நான்காம் வரிசையின் மூர்தான். ஆனால் இத்தகைய இரவுகளை நம்பி யாரும் இப்படிப்பட்ட வீரருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பதில்லை, ஏனென்றால் அவர் செய்யும் வேலையைச் செய்ய இன்னும் நாற்பது பேர் லீக்கில் உண்டு. எல்லா அணிகளுக்கும் அவர் தேவைப்படுகிறார். ஆனால் குறிப்பிட்ட ஓர் அணிக்கு அவரேதான் வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருப்பதில்லை. ஊர் மாற்றத்தின் ஊற்றுக்கண் இதுவே.

அந்த ஊற்றை ஆறாக்கியது பணக்கணக்கு. ஊதியத் தகராறில் அணி உரிமையாளர்கள் ஆட்டங்களை நிறுத்தி 2004-05 பருவம் முழுவதையும் விழுங்கிய கதவடைப்புக்குப் பிறகு, ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு லீக் உச்சவரம்பு விதித்தது. 2005-06இல் அது 39 மில்லியன் டாலர், 2025-26இல் 95.5 மில்லியன். நான்கைந்து நட்சத்திரங்களே இந்தத் தொகையில் பாதியைத் தின்றுவிடும்போது, பட்டியலின் அடிப்பகுதியை மிகமிகக் குறைந்த ஊதியத்தில் நிரப்பியாக வேண்டும். ஓர் அனுபவசாலி குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது இதனால்தான். அந்த மலிவு அவருக்கு வேலை வாங்கித் தருகிறது. அதே மலிவுதான் அவரைக் கீழே அனுப்புவதையும் எளிதாக்குகிறது. பெரிய ஊதியக்காரர் ஒருவரை ஏ.ஹெச்.எல்.லுக்கு அனுப்பி உச்சவரம்பிலிருந்து மறைத்துவிடும் தந்திரத்துக்கு லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2013ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தம் வரம்பு போட்டது. குறைந்தபட்ச ஊதியத்தோடு 375,000 டாலரைக் கூட்டினால் வரும் தொகை மட்டுமே கணக்கிலிருந்து நீங்கும். மிச்சம் அணியின் தலையில் நிற்கும். ஆகவே பெரிய ஒப்பந்தக்காரரைக் கீழே அனுப்பினால் அணிக்கு இழப்பு. சிறிய ஒப்பந்தக்காரரை அனுப்பினாலோ அவர் ஊதியம் கணக்கேட்டில் சுவடே இல்லாமல் மறைந்துவிடும்.

நட்சத்திரங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் 'என் சம்மதமின்றி என்னை வேறு அணிக்கு மாற்றக்கூடாது' என்ற விதியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்கும் தகுதி பொதுவாக 27 வயது ஆனவர்களுக்கு அல்லது ஏழு பருவங்கள் முடித்தவர்களுக்கே உண்டு. தகுதி வந்த பிறகும் கேட்டுப் பெறும் பேரம் பேசும் வலிமை நம் வீரருக்கு இருப்பதில்லை.

கீழே அனுப்பும் வழியிலும் ஒரு சுங்கச்சாவடி உண்டு. அதன் பெயர் வேய்வர். இளம் வீரர்களுக்குச் சில ஆண்டுகள் விலக்கு உண்டு. அந்த விலக்குக் காலத்தைக் கடந்த வீரரை ஏ.ஹெச்.எல்.லுக்கு அனுப்ப வேண்டுமானால், அவர் பெயரை மற்ற 31 அணிகளின் முன் 24 மணி நேரம் வைக்க வேண்டும். வேண்டுமென்று சொல்லும் அணி அவரை ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளும். பலர் கேட்டால் புள்ளிப்பட்டியலில் மிகவும் கீழே இருக்கும் அணிக்கே முன்னுரிமை. எவரும் கேட்கவில்லையென்றால் அவர் கீழே இறங்குவார். இந்த விதியை வீரரின் பாதுகாப்புக்கானது என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. ஓர் அணி தனக்குத் தேவையில்லாத வீரரைக் கீழ்நிலையில் பூட்டிவைக்க முடியாமல், தேவைப்படும் அணிக்கு அவர் போய்ச்சேர இது வழிசெய்கிறது. மேலும், அனுபவசாலியை அனுப்பினால் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், நன்றாக ஆடும் இளைஞரை அணி கீழே அனுப்பிவிட்டு மூத்தவரைத் தக்கவைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்த 24 மணி நேரத்தை வீட்டில் உட்கார்ந்து கடத்தும் குடும்பத்துக்கு இது பாதுகாப்பாகத் தோன்றுமா என்பது வேறு விஷயம்.

கோல்கீப்பர் கர்ட்டிஸ் மெக்கெல்ஹினியின் வாழ்க்கையை வேய்வரின் சரித்திரம் என்றே சொல்லலாம். 2017 ஜனவரியில் கொலம்பஸ் அவரை வேய்வரில் வைத்தது, டொராண்டோ எடுத்துக்கொண்டது. 2018 அக்டோபரில் டொராண்டோ வைத்தது, கரோலினா எடுத்துக்கொண்டது. அடுத்த வசந்தத்தில் கரோலினாவின் முதன்மை கோல்கீப்பர் காயமடைய, 2019 மே 1 அன்று, 36ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள் முன்பு, மெக்கெல்ஹினி தன் வாழ்வில் முதன்முறையாக ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை, அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றின் ஆட்டத்தை, தொடக்கத்திலிருந்து ஆடினார். அவ்வளவு வயதில் முதன்முறையாக அந்த வாய்ப்பைப் பெற்ற கோல்கீப்பர் அதற்கு முன் லீக்கில் எவருமில்லை. அந்த ஆட்டத்தைக் கரோலினா வென்றது. பிறகு அவர் டம்பா பே அணிக்குச் சென்றார். அந்த அணி 2020லும் 2021லும் கோப்பையை வென்றது. அந்த இரண்டு பிளேஆஃப் ஓட்டங்களிலும் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, எல்லா ஆட்டங்களையும் ஆந்த்ரே வசிலெவ்ஸ்கியே ஆடினார்.

மாற்றம் நடக்கும் நாளை அருகிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு சாதாரணமானது என்று தெரியும். பொதுமேலாளரின் அழைப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. உடைமாற்றும் அறையில் பெயர்ப்பலகை கழற்றப்படுகிறது. கருவிப் பொறுப்பாளர் ஸ்கேட்டுகளையும் மட்டைகளையும் பெரிய பையில் திணித்து வாசலில் வைத்திருப்பார். அணி வெளியூரில் இருந்தால், வீட்டுக்குக்கூடப் போகாமல் விடுதியிலிருந்தே விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கோ அங்கிருந்து இங்கோ மாறினால் பணி விசா கைக்கு வரும்வரை ஆட முடியாமல் ஓரிரு நாட்கள் கழிவதும் வழக்கம். புதிய அணியின் முதல் ஆட்டத்தில் கோல்கீப்பர் ஒருவர் பழைய அணியின் வண்ணம் பூசிய முகமூடியும் கால்காப்பும் அணிந்து நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். மேலே புதிய சட்டை, கீழே பழைய ஊர். இடம்பெயரும் செலவுக்குக் கூட்டு ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. பள்ளியில் பாதி ஆண்டை முடித்த குழந்தையையும், பாதி வாடகைக் காலம் எஞ்சியிருக்கும் வீட்டையும் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் மனைவிதான் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட்டுக்கு நேர்ந்தது இந்த இயந்திரத்தை ஒரு கணம் எல்லோருடைய கண்ணுக்கும் காட்டியது. ஆறடி எட்டங்குல உயரமும் இயந்திரப் பொறியியல் பட்டமும் கொண்ட அவர், சண்டைக்குப் பேர்போனவர், அதுவரை என்.ஹெச்.எல்.லில் மொத்தம் ஐந்தே கோல்கள் அடித்தவர். இணையத்தில் ரசிகர்கள் வேடிக்கைக்காக அவருக்கு வாக்களிக்கத் தொடங்கி, லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டும் கூடி ஆடும் நட்சத்திர ஆட்டத்தின் பசிஃபிக் பிரிவுத் தலைவராகவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விலகிக்கொள்ளும்படி லீக்கும் அவருடைய அணியான அரிசோனாவும் சொல்லிப்பார்த்தன, அவர் மறுத்தார். ஜனவரி 15 அன்று அரிசோனா அவரை மான்ட்ரியாலுக்கு மாற்றியது. மான்ட்ரியால் உடனே அவரைக் கண்டத்தின் கிழக்கு விளிம்பில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலிருந்த தன் ஏ.ஹெச்.எல். அணிக்கு அனுப்பியது. பாலைவனத்து நகரத்தில், இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்த மனைவியை விட்டுவிட்டு அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. இந்த மாற்றத்துக்கும் வாக்கெடுப்புக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எந்த விதியையும் மீறாமல், ஒரே நாளில், இத்தனை தூரத்துக்கு ஒருவரைத் தூக்கிப்போட முடிகிற ஏற்பாடு அங்கே எப்போதும் தயாராக இருந்தது. அன்றைக்கு அது செய்தியாகிவிட்டது, அவ்வளவுதான். எதிர்ப்புக் குரல் எழவே லீக் அவரை ஆட அனுமதித்தது. நாஷ்வில்லில் நடந்த அந்த நட்சத்திரப் போட்டியில் இரண்டு கோல் அடித்து, வாக்குச்சீட்டில் பெயரே இல்லாதபோதும் ரசிகர்கள் எழுதிச் சேர்த்த வாக்குகளால் ஆட்டநாயகன் ஆனார் ஸ்காட். அதன் பிறகு அவர் ஆடிய என்.ஹெச்.எல். ஆட்டம் ஒன்றே ஒன்று.

முப்பது வயதைத் தாண்டியவருக்குக் கோடைக்காலம் கடினமானது. ஜூலை முதல் தேதி திறக்கும் ஒப்பந்தச் சந்தையில் தொலைபேசி ஒலிக்காமல் செப்டம்பர் வந்துவிட்டால், ஒப்பந்தம் எதுவுமின்றிப் பயிற்சி முகாமுக்கு வந்து தன்னை நிரூபிக்கும் 'சோதனை வாய்ப்பு' ஒன்றே மிஞ்சும். 2015இல் 32 வயது லீ ஸ்டெம்ப்னியாக் அப்படித்தான் நியூஜெர்சி முகாமுக்கு வந்தார். அங்கே ஓராண்டு ஒப்பந்தம் பெற்று, 63 ஆட்டங்களில் 16 கோல்கள் அடித்தார். உடனே அவர் மதிப்பு ஏறிவிட்டது. மதிப்பு ஏறியதன் விளைவு அடுத்த பருவத்துக்கான உறுதி அல்ல, இன்னொரு பயணம். பிப்ரவரி 29 அன்று, அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான பரிமாற்றக் கெடு முடியும் நாளில், பாஸ்டன் அணி எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. செப்டம்பரில் யாரும் இலவசமாகக்கூட எடுக்காதவருக்குப் பிப்ரவரியில் இரண்டு வாய்ப்புகள் விலை! கோப்பைக்குக் குறிவைக்கும் அணிகள், பருவ முடிவில் ஒப்பந்தம் தீரும் வீரர்களை இப்படிக் கடைசி நேரத்தில் வாங்குவதை 'வாடகைக்கு எடுப்பது' என்றே ஹாக்கி வட்டாரத்தில் சொல்கிறார்கள்.

கடல் தாண்டிய பாதை வேறுவிதமானது. டொராண்டோவில் வளர்ந்த கிளென் மெட்ரொபொலிட்டை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. ஈ.சி.ஹெச்.எல்.லின் அடித்தட்டிலிருந்து ஏறி 1999இல் வாஷிங்டன் அணிக்குள் நுழைந்தார். அங்கே நிலைக்க முடியாமல் ஃபின்லாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனார். 2006இல் லுகானோ அணியோடு சுவிஸ் பட்டத்தை வென்றார். அந்த வெற்றிக்குப் பின் மீண்டும் என்.ஹெச்.எல். திரும்பி அட்லாண்டா, செயின்ட் லூயிஸ், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, மான்ட்ரியால் எனச் சுற்றி, கடைசியில் மறுபடியும் ஐரோப்பாவுக்கே சென்று ஆடினார். ஐரோப்பிய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வீடும் காரும் சேர்ந்தே வரும், பயணங்கள் குறுகியவை, ஆட்டங்களும் குறைவு. ஆனால் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. சுவிஸ் முதல்நிலை லீக்கில் இப்போது ஓர் ஆட்டத்துக்கு ஆறு பேர்தான். வட அமெரிக்காவில் நான்காம் வரிசையில் ஒளிந்து ஆடியவர், இங்கே அந்த ஆறு இடங்களில் ஒன்றை அடைத்துக்கொண்டிருப்பதால், கோல் அடித்தே தீர வேண்டும். அடிக்காவிட்டால் பருவத்தின் நடுவிலேயே வேறொருவர் விமானத்தில் வந்து இறங்கிவிடுவார்.

இந்த ஏற்பாட்டின் சில முனைகள் மழுங்கியும் வருகின்றன. ஆட்டமில்லாத நாட்களில் வீரரைக் காகிதத்தில் மட்டும் கீழே அனுப்பி, மறுநாள் திரும்ப அழைத்து, ஒரு நாள் ஊதியத்தை உச்சவரம்பில் மிச்சப்படுத்தும் பழக்கத்துக்கு 2025இல் ஒப்புக்கொள்ளப்பட்ட கூட்டு ஒப்பந்தம் கடிவாளம் போட்டிருக்கிறது. குறைந்தபட்ச ஊதியமும் 2026-27இல் 850,000 டாலராக உயர்கிறது. வேய்வரும் பரிமாற்றக் கெடுவும் அப்படியே இருக்கின்றன.

சிலிங்கருக்கு வருவோம். அவர் உச்சம் தொட்டது வயதான பிறகுதான். 34 வயதில், செயின்ட் லூயிஸ், நாஷ்வில் என ஒரே பருவத்தில் இரண்டு அணிகளுக்கு ஆடி 32 கோல்கள். அடுத்த ஆண்டு நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு 26 கோல்கள். கடைசியில் இடுப்புக் காயம் அவரை நிறுத்தியது; 2009இல் ஓய்வு பெற்றார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2003 ஜூலை 22 அன்று, கொலம்பஸ் அவரை டாலஸுக்கு மாற்றியது. டாலஸ் அதே நாளில் அவரைப் பீனிக்ஸுக்கு மாற்றியது. டாலஸ் சட்டையை அவர் ஓர் ஆட்டத்திலும் அணியவில்லை. அதனால்தான் கணக்கு 12இல் நிற்கிறது. அந்த ஜூலையில் கொலம்பஸ் வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. 2021ஆம் ஆண்டு டிராஃப்டில் 12ஆவது ஆளாக, தந்தைக்குக் கிடைத்ததற்கு ஓரிடம் பின்னால், கோல் (Cole) சிலிங்கர் என்ற பெயருடைய அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தது கொலம்பஸ் அணி.